சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்த விருந்தாளி

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாதது என்று சான்றிதழ் வாங்கிய அந்தப் பசுமைக் கட்டடத்தின் வாசலோரம் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து ஒரு சைக்கிள்கூட அதில் நின்றதில்லை. எல்லோரும் காரில் வந்து காரிலேயே போனார்கள்.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? உன்னாலதான் நமக்குச் சான்றிதழ்ல கூடுதல் மார்க் கிடைச்சுது," என்றது சுவரில் மின்னிய பசுமைச் சான்றிதழ்ப் பலகை.

"மார்க் கிடைச்சுதுண்ணே. சைக்கிள்தான் கிடைக்கல."

சான்றிதழைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதிகாரிகள் வருவதற்குச் சற்று முன்னால், ஓர் ஆள் ஒரு சைக்கிளைத் தூக்கிவந்து அங்கே நிறுத்தினான். ஸ்டாண்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் துருப்பிடித்த கம்பிகளால் அதன் சக்கரத்தை மெல்ல அணைத்துக்கொண்டது.

"வாப்பா, வா! ரொம்ப தூரமா? களைச்சுப் போயிருப்ப."

சைக்கிள் தயங்கியது. "இல்லண்ணே. என்னைக் கார் மேல கட்டித்தான் கொண்டாந்தாங்க."

அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அந்த ஆள் கயிற்றோடு திரும்பி வந்தான்.

"பரவாயில்லப்பா," என்றது ஸ்டாண்ட் அவசரமாக. "அடுத்த தடவையும் நீயே வா, என்ன?"