விக்கெட் கீப்பர் வந்த சாயங்காலம்

பபுள்கம்மோடு வரும் கிரிக்கெட் வீரர் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்பார் ஞானசீலன்: விக்கெட் கீப்பர். அதற்காக ஆம்பூர் கடைத்தெருவில் தூசி படிந்து கிடந்த பழைய பபுள்கம் பாக்கெட்டுகளை எல்லாம், வழுக்கை விழுந்த வயதில் வாங்கித் தீர்த்தார்.

"வர்ற வழியில நானே ஒண்ணு வாங்கினேன். பிரிங்க," என்றாள் அவர் மனைவி ஜெபகனி. ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் அடுப்பு, துணி என்று ஓடுகிறவள், பாக்கெட் பிரிக்கும்போது மட்டும்தான் அவர் பக்கத்தில் உட்காருவாள்.

"இன்னிக்கும் வரலைன்னா?"

"படம் வரும், என் பல்லுதான் போய்டும். பபுள்கம்மா இது? கருங்கல்லு!"

பிரித்தார். விக்கெட் கீப்பர்!

ஜெபகனி கை தட்டினாள். காகிதத்தில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடை அடித்தது. அவள் விரல்களில் தினமும் அடிக்கும் அதே வாடை. எங்கேயோ தேடிப்பிடித்து, உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறாள்.

"அப்போ நாளையிலருந்து பாக்கெட் கிடையாது," என்று களைப்பாக எழுந்தாள்.

"யார் சொன்னா? இனிமே தீப்பெட்டிப் படம். உக்காரு."

"பேஜார் புடிச்ச மனுசன்!" சிரித்தபடி உட்கார்ந்தாள்.

ஞானசீலன் படத்தைப் பெட்டிக்குள் வைத்தார். போன கிறிஸ்துமஸுக்கே கிடைத்து, அவளுக்குத் தெரியாமல் அடியில் ஒளித்திருந்த விக்கெட் கீப்பரின் மேல்.