பெரியவர் நிற்கிறார்

டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொண்டுபோனதும் யானை கண்ணிலிருந்து மறைந்தது.

இனி அது எங்கே நிற்கிறது என்று தெரியாது.

பக்கத்து இருக்கையில் குப்புறப் படுத்து, கால் வைக்கும் இடத்தின் இருட்டில் கையால் துழாவினாள். பின்னிருக்கையில் மகள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்து ஒரு சத்தம் போட்டால் போதும்.

கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அதோடு என்ஜின் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், சாலை நடுவில் யானை.

"மோதிருச்சுன்னு நெனச்சு சென்சார் பெட்ரோலை நிறுத்திருச்சுங்க அக்கா." போனில் சுலைமான். பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருப்பவன். "பழைய வண்டி, அப்படித்தான். இடது ஓரத்துல பிளாஸ்டிக் மூடி இருக்குதுங்களா? அதை இழுங்க."

இழுத்தாள்.

மூடி படாரென்று கழன்றது.

மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

விரலில் ஒரு பெட்டி தட்டியது. கனத்த ஒயர்க்கட்டு.

"ஐயோ, அதைத் தொட்றாதீங்க. அது வண்டியோட மூளை. அதுக்குப் பின்னால பாருங்க. தலையில ரப்பர் பொத்தான் வச்சு, சின்னதா ஒரு சுவிட்ச். அதை அழுத்தினா பெட்ரோல் திரும்ப வரும்."

"சீக்கிரம் சொல்லு." கிசுகிசுத்தாள். "முன்னாடி பெரியவர் நிக்கறாரு."

யானையின் காதுபட அதன் பெயரை மலையில் யாரும் சொல்வதில்லை.

சுலைமான் மலைக்காரன் இல்லை.

"சும்மாதானே நிக்கறாரு? வந்து டார்ச் புடிக்கச் சொல்லுங்க."

சிரிப்பு தொண்டைவரை வந்தது.

வண்டி லேசாக ஆடியது.

பானெட்டின் மேல் ஏதோ ஊர்ந்தது. நின்றது. தலைக்கு மேலே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நீளமாக ஒரு மூச்சு.

"பெரியவருக்கு இழுப்பு இருக்குதுங்களா அக்கா?"

பெட்டியின் பின்னால் விரல்கள் ஏறின. தகரம். திருகு. மறுபடி தகரம்.

ரப்பர்.

அழுத்தினாள். உள்ளே டக்கென்று விழுந்தது.

அங்குலம் அங்குலமாக எழுந்தாள். முன்கண்ணாடி முழுவதும் சாம்பல் நிறத் தோல். சுருக்கங்களுக்கு நடுவே ஒரு கண்.

சாவியைப் பாதி திருப்பினாள். விளக்குகள் எரிந்தன. பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு முனகியது.

உயிர் வந்துவிட்டது.

இன்னும் ஒரு திருப்பு. ரிவர்ஸ். பின்னால் வளைவைத் தாண்டினால் செக்போஸ்ட்.

பின்பக்கம் பார்க்கக் கண்ணாடியில் கண்ணை ஓட்டினாள்.

தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு குட்டி இறங்கி வந்தது. இன்னும் முடி உதிராத தலை. பம்பரில் முதுகைத் தேய்த்தது.

முன்னால் தாய். பின்னால் குட்டி.

நடுவில் வண்டி.

"கிடைச்சிருச்சுங்களா? அப்புறம் என்ன, பெரியவரையும் ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க அக்கா."

போனை அணைத்தாள்.

பிறகு, சத்தம் வராமல், சாவியைப் பின்னுக்குத் திருப்பினாள்.