கடைசியாகத் திறந்தது

இந்த உலகத்தில் பொய் சொல்லாதது தன் கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்று மேலாளர் முழங்கினார். தன் பணி ஓய்வு விழாவில் ஊழியர்கள் வாசிக்க வேண்டிய பாராட்டுரையைத் தானே எழுதி அதில் ஒளித்து வைத்திருந்தார். அவர் விடுப்பில் இருந்த நாளில் அந்தக் கோப்பு திறக்கப்பட்டதாக அது காட்டியது.

“ஏம்மா, நீதானே படிச்சே? சீட்டைக் கிழிச்சிடுவேன்” என்று தட்டச்சுக்காரம்மாவிடம் எகிறினார்.

“சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் அதை நான் படிக்க மாட்டேன் சார்.”

சிஸ்டம்காரர் குறுக்கே வந்தார். “திறந்த நேரத்தை அது உடனே டிஸ்க்ல எழுதாது சார். நினைவுல வச்சிருந்து சாவகாசமா எழுதும். அதை நம்பி ஆளை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க.”

மேலாளர் வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பெட்டியை அலமாரியில் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் வார விடுமுறை முடிந்து வந்து, எல்லோர் முன்னிலும் தானே வயரைச் செருகினார்.

கடைசியாகத் திறந்தது, நேற்று மதியம்.

“தாமதமா எழுதும்னு சொன்னியே?”

“தாமதமா எழுதும் சார். நடக்காததை எழுதாது.”

தட்டச்சுக்காரம்மா அலமாரியைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் கோப்பைத் திறந்தார். கடைசியாகப் படித்தவர் நிறுத்திய இடத்தைத் திரை காட்டியது.

உரை பதினோரு பக்கம். படித்தது யாரானாலும், மூன்றாம் வரியோடு நிறுத்தியிருந்தார்.