வெயிலில் ஆடும் வைப்பர்

டம், டம், டம்.

தகரத்தில் உள்ளங்கை அறைகிற சத்தம். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த எலக்ட்ரீஷியன் ராஜாங்கம், யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தார். தலையை வெளியே நீட்டினால், கடை வாசலில் மினி பஸ். உள்ளே இருந்தவர்கள் பொறுமையில்லாமல் பஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் திருமுருகன் அதற்குள் குதித்து ஓடி வந்துவிட்டான்.

"அண்ணே, லெஃப்ட் வைப்பர் ஓடல. சீக்கிரம் பாருங்க."

ராஜாங்கம் வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில். ஒரு துண்டு மேகம் கிடையாது.

"காலையில வாயேன்பா."

"இப்பவே வேணும்ண்ணே."

பஸ்ஸுக்குள் எல்லோரையும்விடப் பெரிய குரல் பஞ்சநாதத்துடையது. உப்பள மேஸ்திரி. ஒரு வேலையாக மரக்காணம் வந்துவிட்டுத் திரும்புகிறார்.

"ஏம்பா, கொளுத்துற வெயில்ல வைப்பரா? நான் இல்லன்னா அங்க ஒருத்தரும் குனிய மாட்டாங்க. நிமிந்து நின்னு ரோட்ட வேடிக்கை பாத்துக்கிட்டிருப்பாங்க. எடுப்பா வண்டிய."

மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகிறார், கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று பின்சீட்டில் ஒருத்தன் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

ராஜாங்கம் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டார். வைப்பர் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன சுவிட்ச், தனியாகத் தகட்டில் முறுக்கி வைத்தது. ஃபியூஸ் போயிருந்தது. புதுசு போட்டார். பழைய சுவிட்சைத் தட்டினார். வலது வைப்பர் ஓடியது. சின்ன சுவிட்சைத் தட்டினார். டப். மறுபடி ஃபியூஸ் அவுட்.

"இந்த எக்ஸ்ட்ரா சுவிட்ச கழட்டிட்டா ரைட்டு நல்லா ஓடும். மழைக்கு அது போதும்."

"மழைக்கு இல்லண்ணே."

"அப்ப எதுக்கு?"

திருமுருகன் பின்னால் ஒரு தரம் பார்த்தான். ரோட்டை ஒரு தரம் பார்த்தான்.

ராஜாங்கத்துக்கு டீக்கடைப் பேச்சு ஞாபகம் வந்தது. உப்பளம் வந்தால் இவன் சும்மாவே வைப்பரை ஆட்டுகிறானாம். அங்கே ஒருத்தி கையைத் தூக்குகிறாளாம்.

"வூட்டுல பொண்டாட்டி இருக்குது இல்ல உனக்கு?" என்றார், மெதுவாக.

"திட்டறத அப்பறம் திட்டுங்கண்ணே. ஒயரப் பாருங்க."

சுவிட்சிலிருந்து கிளம்பிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். தகட்டு ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் தோல் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு வண்டியின் பாடியில் உரசிக்கொண்டிருந்தது. டேப் சுற்றினார். இந்தத் தரம் ஃபியூஸ் போகவில்லை. வைப்பர் மட்டும் அசையவில்லை.

எர்த் ஒயரின் முனையைத் தொட்டார். உப்புக் காற்று தின்று வைத்திருந்தது. பொடிப்பொடியாகக் கையோடு வந்தது.

"புது முனை அடிக்கணும். நேரம் ஆகும்."

பஞ்சநாதம் இறங்கியே வந்துவிட்டார். "எடுக்கறியா, ஓனருக்குப் போன் போடட்டா?"

திருமுருகன் குரல் உடைந்தது. "அண்ணே, ஒயர கையால அழுத்திப் புடிச்சிக்கிட்டு கூடவே வாங்க. உப்பளம் தாண்டினதும் எறங்கிக்கலாம்."

ராஜாங்கத்துக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் குரலுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டிரைவர் காலடியில் குந்தி, ஒயரைச் சுரண்டி, தகட்டில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பஸ் வளைவில் திரும்பியது. இரண்டு பக்கமும் கண் கூசுகிற வெள்ளை. திருமுருகன் சின்ன சுவிட்சைத் தட்டினான்.

காய்ந்த கண்ணாடியில் கிரீச், கிரீச். இடது வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. பின்னால் மறுபடி சிரிப்பு.

"யாருக்குடா?" என்றார் ராஜாங்கம்.

எஞ்சின் சத்தத்துக்குள் குனிந்து சொன்னான். "முன்சீட்டுல யூனிஃபார்மோட தூங்குதே பாப்பா, அதோட அம்மா அங்க உப்பு வாருது. காதும் கேக்காது, பேச்சும் வராது. ஹாரன் அடிச்சி என்ன பண்றது? இந்த வெள்ளையில லைட்டும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு பாப்பா ஏறிட்டா லெஃப்ட் ஆடும். ஏறலன்னா ஆடாது. மழைக்கு ரைட்டு ஓடணும் இல்ல, அதான் இதுக்குத் தனி சுவிட்ச்."

"ஏறலன்னா?"

"போன வாரம் ஒருநாள் ஏறல. பள்ளிக்கூடத்துக்கே ஓடிச்சிண்ணே அந்தம்மா. பாப்பா அங்க காய்ச்சல்ல சுருண்டு கிடந்துச்சாம்."

"இத அங்கயே சொல்லியிருந்தா ஒருத்தன் வாயத் தொறந்திருப்பானா?"

"மேஸ்திரி இருக்கும்போது எப்படிண்ணே சொல்றது? முன்னல்லாம் அந்தம்மா ரோட்டாண்டயே வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். வேலைய விட்டுட்டு ரோட்டுக்கு வந்தா நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு மேஸ்திரி."

ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார்.

இறங்குவதற்காக எழுந்து கம்பியைப் பிடித்திருந்த பஞ்சநாதம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்து வரப்பில் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். ஒரு கை கண்ணுக்கு மேலே. ஒரு கை உயரத் தூக்கியிருந்தது. அவர் பார்வை வைப்பருக்கு வந்தது. வைப்பரிலிருந்து, பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற குழந்தைக்கு வந்தது.

ராஜாங்கம் ஒயரை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"மேஸ்திரி, உங்க ஸ்டாப்பு," என்றான் திருமுருகன்.

பஞ்சநாதம் மறுபடி உட்கார்ந்தார்.

"இங்க வாணாம்பா. அடுத்ததுல நிறுத்து. நடந்து வந்துக்கறேன்."

சொல்லிவிட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரப்பில் நின்றவள் கையை இறக்கினாள். சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்து, குனிந்து, உப்பை வார ஆரம்பித்தாள்.