பனியில் மாட்டிய கல்யாணப்பெண்

துருவக் கடலைச் சுற்றிப் பார்க்க வந்த கப்பல், பனிப்பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. எல்லோரையும்விட அதிகம் அழுதவள் கல்யாணப்பெண்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திருமணம்.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கேப்டனை விடாமல் நச்சரித்தார். நோயாளி ஒருவரை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் வந்தபோது, அதில் மிச்சமிருந்த ஒரே இடத்தை அவளுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"கிளம்பும்மா! இன்னும் ஏன் அழற? அதான் வழி பொறந்துடுச்சே."

கல்யாணப்பெண் கட்டிலை விட்டு எழவில்லை.

"அந்த ஆள் வேண்டாம்னு அப்பா கால்ல விழுந்தேன் டீச்சர். இந்தக் கப்பல் டிக்கெட்டைக் கொடுத்து என் வாயை அடைச்சுட்டாரு. கல்யாணத் தேதி தாண்டுற வரைக்கும் இந்தப் பனி நம்மள விடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதான் அழுதேன்."

மேல்தளத்தில் ஹெலிகாப்டர் இரைந்தது. கேப்டன் கதவைத் தட்டினார்.

"பொண்ணு ரெடியா?"

கதவைத் திறந்த டீச்சர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே அவர்மேல் சாய்ந்தார்.

"எனக்கு என்னமோ பண்ணுது கேப்டன்... அந்த இடத்துல என்னை ஏத்திடுங்க."