ஒரு எறும்புகூட இல்ல

"சந்தேகமே வேண்டாம் மேடம். அவதான் அடிச்சுத் தின்னுட்டா!"

காட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ்கள் ஒரு முறை குதித்து அடங்கின.

தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் அந்தக் காட்டை ஊரே சேர்ந்து பாதுகாக்கிறது. அப்படித்தான் பலகையில் எழுதியிருக்கிறது. அங்கே என்னென்ன மிருகங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க வந்திருந்தாள் ஆய்வாளர். மரத்துக்கு மரம் தானியங்கி கேமரா கட்டியிருந்தாள். அதில் விழுந்த படங்களைத்தான் இப்போது குழு அறையின் சுவரில் ஓட்டிக் காட்டினாள்.

முதல் படத்தில் தலைவர். அடுத்ததில் தலைவரின் ஜீப். அதற்கடுத்து, 'அமைதி காக்கவும்' என்ற பலகையை மைக் வைத்துத் திறந்துவைக்கும் தலைவர். பிறகு, ஒரு மரத்தடியில் அவசரமாக முதுகைக் காட்டி நிற்கும் பொருளாளர்.

"இதைத் தள்ளுங்க மேடம்," என்றார் பொருளாளர்.

தள்ளினாள். வெளியூர் விருந்தினர்கள் வந்தார்கள், அவர்களின் செல்ஃபி வந்தது, அவர்களுக்குக் காட்டைச் சுட்டிக்காட்டும் தலைவர் வந்தார். கடைசியாக ஒரு முயல் வந்தது. அதுவும் முழுசாக இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் பின்பக்கம் மட்டும்.

"மான் எங்கே சார்? பன்னி எங்கே? பூங்காவிலிருந்து இந்தப் பக்கம் வந்ததுக்குத் தடம் இருக்கே?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

அதற்குத்தான் தலைவர் மேசையைத் தட்டியது.

'அவ' என்றது, காட்டோரமாகப் பயறு போட்டிருக்கும் ஒரு பெண்ணை. ஊர் வைத்த பெயர் பட்டாசு. நிலத்துக்குத் திரும்பும் வளைவிலேயே வந்து நின்றுகொண்டு, யார் போனாலும் வெடித்துத் துரத்திவிடுவாள். தலைவர் போனால் கொஞ்சம் கூடுதலாகவே வெடிப்பாள்.

"ஊர்ல எல்லாரும் பன்னி மேஞ்சுது, மான் மேஞ்சுதுன்னு நஷ்டஈடு கேட்டு என் உயிரை வாங்கறாங்க. இவ மட்டும் ஒருநாள்கூடக் கேட்டதில்ல. அவ நிலத்துல மட்டும் எதுவுமே வராதாம்! நம்பறீங்களா? வந்ததெல்லாம் சட்டிக்குள்ள போயிருக்கும்!"

"கண்ணி வெச்சுப் பிடிக்கறாங்கன்னு சொல்றீங்களா?"

"பின்னே? நீங்களே போய்ப் பாருங்க. கண்ணி மட்டும் கிடைக்கட்டும், அது ஊர் அவளுக்குப் பயிர் வைக்க விட்ட பொது நிலம்தானே, சாயங்காலமே தீர்மானம் போட்டுப் பிடுங்கிடறேன். ஒருவேளை கண்ணி இல்லாம மிருகம் இருந்துதுன்னு வைங்க, அதுவும் நமக்கு நல்லதுதான். அந்த இடத்தையும் பாதுகாப்புல சேர்த்துட்டு, நடுவுல பார்வையாளர் கோபுரம் கட்டிடலாம். ஜீப் நேரா வாசல் வரைக்கும் போகும். வரைபடம்கூட ரெடி."

ஆய்வாளர் பாதை வழியாகப் போகவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே! காட்டின் ஓரமாகவே பதுங்கிப் போய், வேலி தெரிந்ததும் நிமிர்ந்தாள்.

ஒரு கை அவளைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"உட்காரு. மூச்சு விடாதே," என்றாள் பட்டாசு.

அவளுக்கு ரகசியக் குரல்கூட உண்டென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

காட்டுப் பக்கத்து வேலி அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே பயற்றுக்கு நடுவில் ஒரு மான், குட்டியோடு, சொந்த வீட்டில் சாப்பிடுவது போல மேய்ந்துகொண்டிருந்தது. தள்ளி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு பன்றிக் குடும்பம். இத்தனை நாளும் தலைவரையே பார்த்துக் காய்ந்துபோயிருந்த ஆய்வாளரின் கண்கள் குளிர்ந்துபோயின.

"அக்கா, இதெல்லாம்..."

"ஸ்ஸ்!"

அந்த நேரம் பார்த்து ஆய்வாளரின் போன் கைக்குள் துடித்தது. தலைவர்.

"கண்ணி கிடைச்சுதா மேடம்?"

"இல்ல சார். ஆனா, இங்கே வந்து பார்த்தா..."

பட்டாசு கையெடுத்துக் கும்பிட்டாள். ஊரில் யாருக்கும் பணிந்து போகாதவள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தா என்ன? சத்தமாப் பேசுங்க, கேக்கல!"

அந்தக் கத்தலுக்கு, தூரத்தில் குட்டி மானின் காது விறைத்தது. ஆய்வாளர் போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள். படித்த படிப்பெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணுமே இல்ல சார். கண்ணியும் இல்ல, மிருகமும் இல்ல. ஒரு எறும்புகூட இல்ல."

"அடச்சே! அப்போ அங்கே கோபுரம் கட்டி என்ன பண்றது? விடுங்க, வேற பக்கம் பார்க்கலாம்."

போன் அடங்கியது. மான் மறுபடியும் மேயக் குனிந்தது.

"உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன்," என்றாள் ஆய்வாளர். "உண்மையைச் சொல்லியிருந்தா ஊரே உங்களைக் கொண்டாடியிருக்கும். நிலம் போயிடும்னு பயந்துட்டீங்களாக்கா? பாதுகாப்புக்கு எடுத்தா உங்களுக்கு வேற இடம் கொடுத்துடுவாங்களே?"

"எனக்குக் கொடுப்பாங்க கண்ணு," என்றாள் பட்டாசு, மானிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் காட்டைப் பாதுகாக்க ஆரம்பிச்சதும்தான் இதுங்க இங்கே ஓடி வந்துதுங்க. இதையும் பாதுகாத்துட்டாங்கன்னா, பாவம், எங்கே ஓடும்?"