நாற்பத்தொரு தடவை

“லிங்க் திறக்கலையாம்! சொல்றான் பாரு காரணம்!”

முதல் ஷிப்ட் முடிந்து வந்த வெள்ளைச்சாமி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். மகன் குமரவேல் தலையைக் குனிந்து நின்றான்.

மகள் மலர்கொடியின் காலேஜ் தோழி உமாராணி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

“என்ன அங்கிள்?”

“கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி இவனை வேலைக்கு எடுத்துக்கிச்சு பாப்பா. சம்மதம்னு மூணு நாளைக்குள்ள மெயில்ல ஒரு லிங்க்கை அமுக்கணும். அவ்ளோதான். அதைச் செய்யல இவரு. இன்னிக்குப் போன் பண்ணிக் கேட்டா, வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். வர்ற மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு எங்க போய் நிக்கிறது?”

“அமுக்கினேன்ப்பா. என் போன், உங்க போன், மலர் லேப்டாப். எதுலயும் திறக்கல.”

வாதம் என்றால் உமாராணிக்குச் சோறு வேண்டாம்.

“எங்க, அந்த மெயிலை எனக்கு அனுப்புங்கண்ணா, பாப்போம்.”

அனுப்பினான். அழுத்தினாள். உடனே திறந்தது: ‘காலக்கெடு முடிந்தது.’

“திறக்குதே! இதுவே மலருக்கு வந்திருந்தா, அமுக்கிட்டுத்தான் தண்ணியே குடிச்சிருப்பா. ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு எல்லாம் மடியில வந்து விழணும். விழுந்ததை எடுக்கக்கூட வலிக்குது!”



வெள்ளைச்சாமி அந்த போனை வாங்கிப் பார்த்தார். அதற்குமேல் கத்தவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உமாராணி வந்த வேலையைக் கவனிக்கப் போனாள். தோழிகள் ஐந்து பேர் வீட்டில் அவள் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தாள். வைஃபையோடு இணைத்துவிட்டால் வீட்டில் எந்த போனிலும் டிவியிலும் விளம்பரம் வராது. ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்வாள். மறந்தும்விட்டாள். இங்கே வைத்து நாலு மாதம். பெட்டி எதையெல்லாம் தடுத்தது என்ற பட்டியலை இன்றுதான் திறக்கிறாள்.

இந்த மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தேதிகள். வரிசையாக ஒரே தளத்தின் பெயர்.

சந்தேகத்தோடு குமரவேலின் மெயிலை எடுத்து ஒப்பிட்டாள். லிங்க் நேராகக் கம்பெனிக்குப் போகவில்லை. யார் யார் அழுத்தினார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு விளம்பரத் தளத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பெட்டி அந்த இடத்திலேயே மறித்துவிட்டது. அவன் சொன்ன மூன்றும் வீட்டு வைஃபையில் ஓடுபவை. அவள் போன் மட்டும் சொந்த டேட்டாவில்.

எண்ணினாள். நாற்பத்தொரு தடவை அழுத்தியிருக்கிறான்.

குமரவேல் வாசலில் நின்றிருந்தான்.

“அண்ணா... நான் வெச்ச பெட்டிதான்...”

“தெரியும்மா. பதினஞ்சாந்தேதி வடலூர் போயி பிரௌசிங் சென்டர்ல அமுக்கினேன். டக்குனு திறந்துச்சு. முடிஞ்சுபோச்சுன்னு காட்டுச்சு. நம்ம வீட்டு வைஃபைல நீ வெச்ச பெட்டிதான் மறிக்குதுன்னு அப்பவே புரிஞ்சுது.”

“தெரிஞ்சிருந்துமா நான் பேசினதையெல்லாம் கேட்டுட்டு நின்னீங்க? இப்பவே அங்கிள்கிட்ட சொல்றேன்.”

“சொன்னா வேலை வருமா?”

“வராது. அதுக்காக? செய்யாத தப்புக்கு நீங்க ஏன் திட்டு வாங்கணும்?”

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அப்பா திரும்பாமல் அப்படியே படுத்திருந்தார். குரலைத் தாழ்த்தினான்.

“நீ துணைக்கு இருக்கேன்னுதான் மலரை சிதம்பரம் காலேஜுக்கு பஸ்ல அனுப்புறாரு. இது தெரிஞ்சா உன்னை வாசப்படி ஏத்தமாட்டாரு... என்னுதுதான் போச்சு, அவளாவது படிக்கட்டும்மா.”